தண்ணி காணாத துணி

மாத்தளை டவுனில் ஹாஷிம் முதலாளியின் துணிக்கடைக்குள் நனைந்த குடையோடு எவரும் நுழைந்துவிட முடியாது. மந்திரியே வந்தாலும் குடை வெளியில்தான். அதற்கென்றே வாசலில் ஒரு பழைய எண்ணெய் டின் வைத்திருக்கிறார். கடையில் நிற்கிறவர்கள் தேநீர் குடிப்பதென்றால் பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு, கையைத் துடைத்து, அது காய்ந்த பிறகுதான் துணியைத் தொடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்தத் துணி பாதி விலைக்கு இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

யாரும் சொல்லிக் கொடுத்த கணக்கு இல்லை அது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொல்லிவிட்டு, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லக்கலப் பக்கம், காடு வெட்டிப் பயிரிடுகிற சேனைக் குடிசைகளில் ஏறி இறங்கி விற்ற ஆள் அவர். பஸ் போகாத இடத்துக்கும் அவருடைய மூட்டை போனது. பாதையில் யானை நின்றபோது மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஓடினதோடு நின்றாரா? யானை போன பிறகு திரும்பி வந்து, ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்த்து, ஈரம் படாததை எல்லாம் அன்றைக்கே விற்றுத் தீர்த்தும் இருக்கிறார். அப்படி ஒரு மனுசன் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள். இன்றைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நிற்கிற அந்த மாடிக் கடை வாப்பா விட்டுப் போனதும் இல்லை, வங்கிக்காரன் தூக்கிக் கொடுத்ததும் இல்லை. கையும் வாயும் சம்பாதித்தது.

கையும் வாயும் மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதி சந்தேகம் சம்பாதித்தது. கொழும்பிலிருந்து வருகிற எந்தச் சுருளையும் அவர் சீட்டைப் பார்த்து எடுத்ததில்லை. ஒரு நூலை இழுத்துக் கொளுத்துவார், மணந்து பார்ப்பார். காதோரம் வைத்துக் கசக்குவார். சீட்டு பொய் சொல்லும், சாம்பல் பொய் சொல்லாது என்பார். பள்ளிவாசலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்தப் படியிலும் மற்றதை அந்தப் படியிலும் கழற்றி வைப்பார். இதுவரை ஒரு செருப்பும் தொலைந்ததில்லை.

"இதுக்குப் பேருதான் வஸ்வாஸ்," என்பாள் மனைவி நஸ்மியா. மனதுக்குள் ஷைத்தான் ஊதிவிடுகிற சந்தேகத்துக்கு அவர்கள் அப்படித்தான் பெயர் சொல்லுவார்கள்.

"வஸ்வாஸ் இல்லாதவன் கடை வைக்கப்படாது," என்பார் ஹாஷிம்.

இப்படிப்பட்ட மனுசனிடம்தான் ஒரு நாள் மகள் றிஸ்னா துணி டயபர் என்ற பேச்சை எடுத்தாள்.

றிஸ்னா பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பிறந்தது பெண் குழந்தை. நாற்பது நாள் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் பல்லேபொலையில் இருக்கிற மாப்பிள்ளை றம்ஸியின் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சும்மா விட முடியாது. பிள்ளைக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஒரு பெரிய பையில் பெண் வீட்டார் கொண்டு போவார்கள். மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பையைக் கூடத்தில் வைத்துத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, வந்திருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள்.

"கடை டயபர் கட்டுப்படியாகாது வாப்பா," என்றாள் றிஸ்னா. "விலை ஏறின ஏத்தத்துக்கு றம்ஸிட சம்பளம் அதுக்கே போயிரும். புள்ளட தொடையும் சிவந்து போய் ஈக்கி. துணி டயபர் எடுத்துப் போடுங்க. கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். அடுத்தது பொறந்தாலும் அதுக்கும் ஆகும்."

"துணின்னா என்னட்டக் கேளு. சாரத்தைக் கிழிச்சு நாலா மடிச்சா முடிஞ்சுது. நீ அதுலதானே வளர்ந்த?"

"நான் வளர்ந்தது உம்மா கழுவின கழுவுல. பல்லேபொல மாமி எத்தனை பெட்சீட் கழுவுவாங்க?"

அந்த வீட்டின் பேரைச் சொன்னதும் ஹாஷிமின் முகம் சுருங்கியது. காரணம் இருக்கிறது. சம்மந்தி அன்ஸாப் ஹாஜி பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசன்தான், ஆனால் நாக்கு சும்மா இருக்காது. கலியாணத்தின்போது ஹாஷிம் அந்தப் பக்கத்துச் சொந்தம் முழுதுக்கும் சாரமும் ஷேட்டும் அள்ளிக் கொடுத்தார். ஹாஜி ஒரு சாரத்தைத் தூக்கிப் பிடித்து, சபை கேட்கச் சொன்னார்:

"ஹாஷிம் நாநாட கடையில ஓடாத சரக்கெல்லாம் எங்கட வீட்டுக்கு ஓடி வந்திரிச்சு போல!"

பந்தலே சிரித்தது. ஹாஷிமும் சேர்ந்து சிரித்தார். சிரித்த வாய் பிறகு வீடு வரும்வரை வலித்தது. அந்தச் சாரம் கொழும்பில் தானே நின்று பொறுக்கி எடுத்த முதல்தரச் சாமான் என்று யாரிடம் போய்ச் சொல்ல? ஆகவே இந்த நாற்பதுப் பையில் ஒரு நூல்கூட ஹாஜியின் நாக்குக்கு இடம் கொடுக்கக் கூடாது. அதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

துணி டயபர் தைக்கிறவள் உக்குவளையில் இருந்தாள். பெயர் முனவ்வரா. ஒரு காலத்தில் ஹாஷிமின் கடை வாசலில் மெசின் போட்டு ஓரம் அடித்துக் கொடுத்தவள். பிறகு உடுப்புத் தைக்கிற காமன்ட் பெக்டரிக்குப் போனாள், அதையும் விட்டு இப்போது வீட்டிலேயே தைக்கிறாள். தன்னிடமிருந்து விலகிப் போன எவரையும் ஹாஷிம் முழுசாக நம்பியதில்லை. ஆட்டோ பிடித்துத் தானே நேரில் போனார்.

"வாங்க முதலாளி, வாங்க," என்றாள் முனவ்வரா. "நீங்க வஸ்வாஸைக் கூட்டிட்டு வந்தீங்களா, அது ஒங்களைக் கூட்டிட்டு வந்திச்சா?"

"ஒனக்கு வாய் மட்டும் குறையல்ல. சாமானைக் காட்டு."

பாயில் மூன்று விதமாகப் பரப்பினாள். ஒன்று, நாலு மூலைத் துணி. மடித்துக் கட்டுவது, விலை ஆகக் குறைவு. இன்னொன்று, வெளியே தண்ணி கசியாத உறை, உள்ளே பை, பைக்குள் சொருகி எடுக்கிற தடித்த பட்டி. உறையின் முன்பக்கம் வரிசையாக பிரஸ் பட்டன். சின்னப் பிள்ளைக்குக் குறுக்கலாம், வளர வளர அகட்டலாம். கடைசி வகை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது, விலையும் அதுதான் கூட.

"அந்தக் கடைசி வகை ஒங்களுக்கு வேணாம்," என்றாள். "லேசுல காயாது. மாத்தளை மழைக்கு மணக்கத் தொடங்கிரும். நடுவில ஈக்கிறதை எடுங்க. உறையை ஒரு தரம் கட்டினா பட்டியை மட்டும் மாத்தி மாத்திப் போடலாம். அதனால உறை கொஞ்சம், பட்டி கூட எடுத்தாப் போதும். சல்லி மிஞ்சும்."

ஹாஷிமுக்குப் பொறி தட்டியது. விலை கூடினதை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை அவர் ஆயுளில் கண்டதில்லை. கொஞ்சம் எடுத்தாப் போதும் என்று சொல்கிறவளைக் கண்டதே இல்லை. இதற்குள் என்ன கள்ளம்?

"இந்தப் பட்டி எனத்தால செஞ்சது?"

"பருத்தியும் மூங்கிலும்."

"மூங்கிலா? மூங்கில்ல நான் ஏணி கட்டியிருக்கேன், பந்தல் போட்டிருக்கேன். மூத்திரம் குடிக்கிற மூங்கிலை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்."

"வைக்கோல் தின்னுற மாடு பால் தரல்லையா முதலாளி? அப்படித்தான் இதுவும்."

அவர் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். பட்டியின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினார். கடதாசி எரிகிற மணம் வந்தது. சாம்பல் விரலில் மாவாக உதிர்ந்தது. நைலோன் மாதிரி உருண்டு பிசினாகவில்லை. உறையைக் காதோரம் கசக்கினார். இரண்டு கையாலும் இழுத்தார். தையலை நகத்தால் கீறினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

"எப்படி இந்த விலைக்குத் தாற?"

"காமன்ட்ல மிஞ்சுற வெட்டுத்துண்டைக் கிலோவுக்கு எடுக்கிறேன். திருடல்ல, ஒளிக்கல்ல."

வெட்டுத்துண்டு! அன்ஸாப் ஹாஜியின் காதில் இது விழுந்தால் போதும், இன்னொரு பந்தல் சிரிக்கும். ஹாஷிம் எழும்பப் பார்த்தார். ஆனால் மகள் கேட்ட சாமான், பிள்ளையின் தொடையும் சிவந்திருக்கிறது. நடு வகையையே எடுத்தார். முனவ்வரா பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஒண்ணை மட்டும் மறந்திராதீங்க. புதுசை அப்படியே கட்டப்படாது. நாலஞ்சு தரம் சுடுதண்ணில கழுவி வெயில்ல போட்டுத்தான் கட்டணும். புதுத் துணியில எண்ணெய்ப் பிடிப்பு ஈக்கி. கழுவக் கழுவத்தான் அது குடிக்கும். துணி மிருதுவாகணும்னு மணக்கிற தண்ணி ஒண்ணும் ஊத்தவும் வேணாம்."

ஹாஷிம் தலையை ஆட்டினார். மனதுக்குள், 'ஆ, இங்கதான் கள்ளம் ஈக்கி' என்றார். கழுவினால் சரியாகிவிடும் என்பது அவருக்குப் புதுப் பேச்சு இல்லை. லக்கலையில் அந்த வார்த்தையை அவரும் நிறையச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலும் ஏறியிருக்கிறார்.

றிஸ்னா சொன்னபடியே செய்தாள். சுடுதண்ணியில் கழுவினாள், காயப் போட்டாள், மறுபடி கழுவினாள். கடைசிக் கழுவல் முடிந்த அன்று ஹாஷிம் பகல் சாப்பாட்டுக்கு வந்து கொல்லைப் பக்கம் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தான் வாங்கிய சாமானா இது? பட்டியெல்லாம் சுருங்கி, புடைத்து, சொரசொரவென்று இருந்தது. மடிப்பு போய்விட்டது. உறையின் பச்சை வெளிறியிருந்தது. வாரச் சந்தைப் பொலையில் நிலத்தில் குவித்து விற்கிற பழைய உடுப்பு மாதிரி.

"நஸ்மியா, இங்க வா. இது ஆரோ பாவிச்ச சாமான். அந்த முனவ்வரா அயர்ன் பண்ணி மடிச்சு என்னட்ட தள்ளியிருக்கா."

"கழுவின துணி கழுவின மாதிரித்தானே ஈக்கும்?"

"நாப்பதுக்குக் கொண்டு போற சாமான் இது. கழுவின துணியை எவனாவது சம்மந்தி வீட்டுக்குக் கொடுப்பானா?"

நஸ்மியாவும் அப்படித்தான் கொடுத்துப் பழகியவள். கொடுக்கிற துணி கோடியாக இருக்க வேண்டும், தண்ணீர் காணாததாக, கடை மடிப்புக் கலையாததாக இருக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஏழை வீட்டார்கூட முகம் துடைக்கிற ஒரு லேன்சு கொடுத்தாலும் புதுசாகத்தான் கொடுப்பார்கள். ஹாஷிமின் கண்ணுக்கு அன்ஸாப் ஹாஜி அந்தச் சுருங்கின பட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பது தெரிந்தது. அவர் வாய் திறப்பதும் தெரிந்தது.

யாரிடமும் சொல்லாமல் மறுபடி உக்குவளைக்குப் போனார். அதே சாமானை அதே அளவு வாங்கினார்.

"இன்னொரு செட்டா? மகளுக்குப் புடிச்சிரிச்சா?"

"கேள்வி கேக்காத. கட்டு."

"கழுவித்தான்..."

"தெரியும், தெரியும்."

கடைக்குக் கொண்டுவந்து தன் கையாலேயே அட்டை வைத்து மடித்தார், கண்ணாடித் தாளில் சுற்றினார், ரிப்பன் கட்டினார். மாத்தளையில் ஹாஷிம் மடிக்கிற மடிப்பை மடிக்க இன்னொருவன் பிறக்கவில்லை. நாற்பது அன்று காலையில் றிஸ்னா குளிக்கப் போன நேரம் பார்த்து, பையிலிருந்த கழுவின சாமானை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, புதுசை வைத்துப் பையை மூடினார். நெஞ்சு நிறைந்தது.

பல்லேபொலையில் பையைத் திறந்தபோது அவர் எதிர்பார்த்தது போலவே நடந்தது. றிஸ்னா பயணக் களைப்பில் உள்ளே போய்விட்டாள். மாமியார் கைறுன்னிஸா ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் காட்ட, பெண்கள் வாய் பிளந்தார்கள். ஹாஜி ஒரு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்ல ஒன்றும் அகப்படாமல் திரும்ப வைத்தார். 'பார், நல்லாப் பார்,' என்று ஹாஷிம் உள்ளுக்குள் சொன்னார். பாராட்டாமல் வைத்தாரே, அதில் ஏதும் உள்குத்து இருக்குமோ என்றும் நினைத்தார்.

கைறுன்னிஸாவுக்குப் பொறுக்கவில்லை. பேத்திக்கு அதில் ஒன்றை அப்போதே கட்டிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அஸர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளூச் செய்துவிட்டு வெள்ளைச் சாரத்தோடு வந்த ஹாஜி, பள்ளிக்குப் போகுமுன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார். பிள்ளை ஒரு நெளி நெளிந்தது. அடுத்த நிமிசம் வெள்ளைச் சாரத்தில் ஒரு பெரிய வட்டம் பரவியது.

"யா அல்லாஹ்!" ஹாஜி துள்ளி எழும்பினார். "ஆம்பளப் புள்ள மூத்திரம்னா தண்ணி தெளிச்சாப் போதும், தொழலாம். இது பொம்பளப் புள்ள, சாரத்தையே மாத்தணுமே!"

சபை சிரித்தது. கைறுன்னிஸா சிரித்துக்கொண்டே இன்னொன்றைக் கட்டினாள். அது அவள் மடியிலேயே ஒழுகியது. இப்போது சிரிப்பு குறைந்தது.

ஹாஷிமின் மூளை சுற்றியது. முதல் சந்தேகம் முனவ்வராவின் மேல். அடுத்தது, கைறுன்னிஸா வேண்டுமென்றே தளர்த்திக் கட்டினாளோ? அதற்கும் அடுத்தது, இந்த வீட்டில் பிள்ளைக்கு எதையாவது குடிக்கக் கொடுத்துவிட்டார்களோ? எல்லாரையும் ஒரு சுற்றுச் சந்தேகப்பட்டு முடித்தார். தன்னை மட்டும் மிச்சம் வைத்தார்.

"இது ஆரு தச்சது?" என்று கேட்டார் ஹாஜி.

"உக்குவளை முனவ்வரா," என்றாள் கைறுன்னிஸா. "எங்கட பள்ளித் தெருவில பாதி வீட்டில அவளுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. நல்ல வேளை, முன்னமே தெரிஞ்சிது. நானே போய் எல்லாருக்கும் வேணாம்னு சொல்லிடுறேன்."

"பின்னே? ஹாஷிம் நாநாட கண்ணிலயே மண்ணைத் தூவினவ எங்களை விடுவாளா? போனைத் தாங்க, நானே ரெண்டு கேள்வி கேக்குறேன்," என்றார் ஹாஜி.

எவ்வளவு வசதியான பேச்சு! ஹாஷிம் ஏமாந்தவராகிவிட்டார். ஏமாந்தவனை யாரும் சிரிக்க மாட்டார்கள், பாவம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஒரு பழியும் அவர் மேல் ஒட்டாது. எல்லாம் உக்குவளைக்குப் போய்விடும்.

அந்த நேரம் றிஸ்னா தொழுது முடித்துக் கூடத்துக்கு வந்தாள். பாயில் கிடந்த கண்ணாடித் தாளைப் பார்த்தாள். ரிப்பனைப் பார்த்தாள். நனைந்த பட்டியை எடுத்து விரலால் தடவினாள். சொரசொரப்பு இல்லை, வழுவழுப்பு. வாப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சொல்லாமல் நிற்கிறாளே, பிறகு சொல்லத்தான் நிற்கிறாளோ? ஹாஷிம் அந்தச் சந்தேகத்தையும் பட்டார். ஆனால் மகளின் முகத்தில் கள்ளம் இல்லை. அது அவர் தோளில் மூட்டையோடு திரிந்து வளர்த்த பிள்ளை. ஹாஜி போனில் இலக்கம் அழுத்தத் தொடங்கியிருந்தார்.

"போனை வைங்க ஹாஜி," என்றார் ஹாஷிம்.

மேசையில் வந்தவர்களுக்கு வைத்த தண்ணீர்க் கிளாஸ் இருந்தது. அதை எடுத்தார். இன்னும் பிரிக்காத ஒரு பொட்டலத்தைக் கிழித்து, பட்டியை உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். அறுபது தாண்டின வயதில், புதுத் துணியில் தன் கையால் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் சேம்பிலையில் விழுந்த மாதிரி மணி மணியாக உருண்டு அவர் முழங்கை வழியாக வடிந்தது.

"பாத்தீங்களா? குடிக்காது. கழுவினாத்தான் குடிக்கும். அந்தப் பொம்பள எனக்குச் சொன்னா, ரெண்டு தரம் சொன்னா. மகள் கழுவியும் வச்சா. கழுவினதெல்லாம் எங்கட வீட்டு அலுமாரிக்குப் பின்னால ஈக்கி. நான்தான் மாத்தினேன்." குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "கழுவின துணியைச் சம்மந்தி வீட்டுக்குக் கொண்டு வார ஆள் இந்த ஹாஷிம் இல்ல! புதுச் சாமானுக்குக் குறை வச்சேன்னு ஒரு ஆள் சொல்லட்டும் பார்ப்போம்."

ஹாஜி தன் சாரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஹாஷிமைப் பார்த்தார்.

"இந்தத் தரம் ஓடாத சரக்குன்னு நான் சொல்ல ஏலாது நாநா," என்றார். "இது நல்லா ஓடுது."

முதலில் சிரித்தது றிஸ்னா. பிறகு எல்லாரும். ஹாஷிமுக்கு வாய் வலிக்கவில்லை. அது ஏன் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மருமகன் றம்ஸி மோட்டார் சைக்கிளில் மாத்தளைக்குப் போய் அலுமாரிக்குப் பின்னாலிருந்த பையைக் கொண்டு வந்தான். சுருங்கின, புடைத்த, வெளிறிய பட்டி. கைறுன்னிஸா அதைக் கட்டினாள். பிள்ளை ஹாஜியின் மடியில் படுத்து நன்றாகத் தூங்கியது. எழும்பும்வரை அவர் மாற்றிக் கட்டிய சாரம் காய்ந்தே இருந்தது. பள்ளித் தெருக்காரர்கள் சொல்லி வைத்ததை யாரும் மாற்றவில்லை.

மறுவாரம் ஹாஷிம் ஹாஜிக்கு முதல்தரச் சாரம் ஒன்று அனுப்பி வைத்தார். ஹாஜி போனில் கூப்பிட்டார்.

"கிடைச்சிது நாநா. ஒரு சந்தேகம். இது கழுவினதா, கழுவாததா?"

ஹாஷிம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, வைத்துவிட்டார். மறுபடி பேசவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று அந்தி இரண்டு சம்மந்தியும் வெகு நேரம் பேசினார்கள்.

இப்போது ஹாஷிம் முதலாளியின் கடையில் முனவ்வராவின் துணி டயபரும் தொங்குகிறது. அவள் கொண்டு வரும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு நூல் இழுத்து லைட்டரால் கொளுத்தித்தான் எடுக்கிறார். அதில் மாற்றம் இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்கள் வந்து விலை கேட்டால், புதுப் பட்டியில் ஊற்றிக் காட்டுவார், கழுவின பட்டியிலும் ஊற்றிக் காட்டுவார். மாத்தளையில் இப்படிக் காட்டி விற்கிற கடை வேறு இல்லை என்றும் சொல்லுவார்.

ஒரு மழை நாளில் முனவ்வரா மூட்டையோடு வந்தாள்.

"குடை வெளியில!" என்று கத்தினார் ஹாஷிம்.

அவள் குடையை டின்னில் போட்டுவிட்டுக் கல்லாவைப் பார்த்தாள். "அப்ப உள்ள ஈக்கிற அந்தத் தண்ணி?"

"அது வியாபாரம்," என்றார் அவர், லைட்டரை எடுத்துக்கொண்டு. "மூட்டையை அவிழு, பார்ப்போம்."